ஒரே ஊசி, ஆறு சம்பளம்

பி.காம். படிக்கிறவனுக்கு ஆஸ்பத்திரி சம்பளத்தைப் பற்றி என்ன கவலை என்று கேட்காதீர்கள் மக்களே. எங்கள் செட்டில் பாதிப் பேர் டிகிரி முடித்த கையோடு போய் உட்காரப்போவது ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுண்டரில்தான். இல்லையென்றால் இன்சூரன்ஸ் டெஸ்க். சி.ஏ. எழுதப்போகிறேன் என்று சொல்லித் திரிகிறவர்களும் இதில் அடக்கம் (நானும்தான், சிரிக்காதீர்கள்). அதனால் நாளைக்கு நமக்குச் சம்பளம் போடப்போகிற முதலாளிகள் இன்றைக்கு யார் யாருக்கு எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்த்து வைப்பதில் தப்பில்லை.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. ஆனால் ஒரு நர்ஸுக்கு வேலை கொடுக்கிற முதலாளிகளின் வகையை எண்ணினால் விரல் பத்தாது. 2000-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. துறைமுக ஊழியர்களுக்கென்று துறைமுகத்தின் மருத்துவமனை. ஈ.எஸ்.ஐ. மிஷன் ஆஸ்பத்திரிகள். டாக்டர் தம்பதிகள் வீட்டு மாடியிலேயே நடத்துகிற நர்சிங் ஹோம்கள். ஊரைத் தாண்டி எழுதிப்போட்டால் மத்திய அரசின் எய்ம்ஸ். இத்தனைக்கும் ஊசி ஒன்றுதான், நரம்பு ஒன்றுதான், ராத்திரி மூன்று மணிக்கு மணியடித்தால் எழுந்து ஓடவேண்டிய ஓட்டமும் ஒன்றுதான். சம்பளம் மட்டும் ஆறு விதம்.

மேலே இருந்து ஆரம்பிக்கிறேன். மத்திய அரசு நர்ஸிங் ஆபீசர் என்றால் ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில் லெவல் 7. அடிப்படைச் சம்பளம் மட்டும் 44,900 ரூபாய். அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகை, நர்ஸிங் படி. இதற்குத்தான் நார்செட் பரீட்சைக்கு வடக்கே ராஜஸ்தான் பையன்களும் தெற்கே நம்ம ஊர்ப் பெண்களும் விழுந்து விழுந்து படிக்கிறார்கள்.

அடுத்தது மாநில அரசின் நிரந்தர நர்ஸ். காலமுறை ஊதியம், வருஷா வருஷம் இன்கிரிமெண்ட், மகப்பேறு விடுப்பு. எங்கள் பக்கம் பெண் பார்க்கும்போது "கவர்மெண்ட் நர்ஸ்" என்று சொன்னால் பையன் வீட்டார் அப்புறம் வேறெதுவும் கேட்கமாட்டார்கள்.

மூன்றாவதாக வருகிறவர் அதே மாநில அரசு, அதே வார்டு, அதே யூனிஃபார்ம். ஆனால் தொகுப்பூதியம். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டியிருக்கிறது. 2012-ல் தமிழ்நாடு அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தை அமைத்தது. எம்.ஆர்.பி. என்பார்கள். 2015-ல் அந்த வாரியம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கில் நர்ஸ்களை எடுத்தது. மாசம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பில் சேர்ந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு. 2018-ல் அது 14,000 ஆனது. கொரோனா வந்த 2020-ல் இன்னும் ஒரு கூட்டத்தை எடுத்தார்கள், அதே 14,000-க்கு. 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை இல்லை என்று அரசாணை. போராடிய பிறகு, மாற்றுப் பணி தருகிறோம், 18,000 தருகிறோம் என்றார் அமைச்சர்.

கவனியுங்கள், இவர்கள் பின்வாசல் வழியாக வந்தவர்கள் இல்லை. பரீட்சை எழுதி, தரவரிசை வாங்கி வந்தவர்கள். பக்கத்துக் கட்டிலைப் பார்க்கிற சீனியர் சிஸ்டருக்கும் இவருக்கும் வேலையில் ஒரு வித்தியாசமும் கிடையாது. 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் அரசுக்கு எதிரான ஜக்ஜித் சிங் வழக்கில், தற்காலிகப் பணியாளர்களுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்து அடுத்த வருஷம்தான் அந்த டி.எம்.எஸ். போராட்டம் என்பதை நினைவில் வையுங்கள்.

துறைமுகக் கதை வேறு. பெருந்துறைமுகங்களில் சம்பளத்தைப் பேரம் பேசி ஒப்பந்தம் போடுகிறவர்கள் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள். வேலைநிறுத்தம் என்று தேதி குறித்த பிறகு, 2024 ஆகஸ்டில் 8.5 சதவீத உயர்வுக்கு ஒப்பந்தமானது, 2022 ஜனவரியிலிருந்து முன்தேதியிட்டு. அங்கே நிரந்தரத்தில் இருக்கிறவருக்குப் பின்னால் கிரேன் ஓட்டுகிறவரும் சரக்கு எண்ணுகிறவரும் நிற்கிறார்கள். கப்பல் நின்றால் டெல்லி வரைக்கும் போன் போகும். வார்டில் நர்ஸ் நின்றால் போன் எங்கேயும் போகாது, ஏனென்றால் அவர் நிற்கவே மாட்டார். கட்டிலில் ஆள் படுத்திருக்கிறதே!

மிஷன் ஆஸ்பத்திரிகளைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் மரியாதையோடுதான் பேசவேண்டும். நம் கடற்கரைக்கு நவீன வைத்தியம் பெரும்பாலும் அந்த வழியாக வந்தது. நாசரேத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே மிஷன் மருத்துவமனை இருந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-லேயே நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். ஊரில் மற்றவர்கள் "அடுத்தவர் மலத்தையும் ரத்தத்தையும் தொடுகிற வேலை" என்று முகம் சுளித்த காலத்தில், சர்ச் வழியாக வந்த பெண்கள்தான் அந்த வேலையை எடுத்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் நம் பக்கத்தில் சிஸ்டர் என்றாலே ஒரு மேரியோ ஜெசிந்தாவோ நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் அந்த வரலாற்றுக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. சேவை என்ற சொல் சம்பளப் பேச்சை மூடிவிடுகிறது. கன்னியாஸ்திரிக்குச் சம்பளம் தேவையில்லை, மடம் பார்த்துக்கொள்ளும். அதே வார்டில் வேலை பார்க்கிற, வாடகை வீட்டில் இருக்கிற, ரெண்டு பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டுகிற சிஸ்டருக்கும் அதே சேவைப் பாட்டு பாடினால் எப்படி?

கடைசியாகத் தனியார் நர்சிங் ஹோம். எங்கள் தெருவில் ஒரு அக்கா. நாலு வருஷம் பி.எஸ்ஸி. நர்ஸிங், கடன் வாங்கிப் படித்தது. ஊரில் ஒரு இடத்தில் வேலை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். "ஒனக்கெதுக்குல அது?" என்று ஒரு பார்வை. அப்புறம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறது. தொகையை நான் எழுதமாட்டேன். கல்விக்கடன் தவணை போக மீதி பஸ் பாஸுக்கும் மொபைலுக்கும் சரியாக இருக்கும், அவ்வளவுதான். ஒரிஜினல் சர்டிபிகேட்டை அந்த இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். ரெண்டு வருஷம் கழித்துத்தான் தருவார்களாம். அடகுக்கடையில் நகையை வைத்தாலாவது பணம் தருவான்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். தனியார் ஆஸ்பத்திரிகளும் ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகின்றன. 2017-லிருந்து சம்பள வரம்பு 21,000 ரூபாய். அப்படியென்றால் அந்த அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால், சட்டப்படி அவர் போகவேண்டியது தான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு அல்ல, ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு. தன் ஆஸ்பத்திரியில் படுக்க அவர் சம்பளம் கட்டாது. (ஈ.எஸ்.ஐ. கட்டியிருக்கிறார்களா என்பது அடுத்த கேள்வி.)

இந்தப் பிரச்சினை டெல்லிக்குத் தெரியாததில்லை. 2016 ஜனவரி 29-ல், இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் போட்ட வழக்கில், தனியார் நர்ஸ்களின் நிலையை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். குழுவும் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். 100-க்கு மேல் என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50-க்கு மேல் என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50-க்குக் கீழே என்றால் எவ்வளவு சின்ன இடமாக இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் கீழே கூடாது. அழகான ஏணி. ஆனால் மாநிலங்களுக்குப் போனது வெறும் பரிந்துரையாக. பரிந்துரையை வைத்துக்கொண்டு அரிசி வாங்க முடியாதே.

கேரளாவில் மட்டும் கதை வேறு மாதிரி போனது. 2011-ல் அங்கே யுனைடெட் நர்ஸஸ் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் கிளம்பியது. வரிசையாகப் போராட்டம், 2017-ல் பெரிய வேலைநிறுத்த அறிவிப்பு, கடைசியில் 2018 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் அரசு அறிவிக்கை. நர்ஸுக்கு அடிப்படைச் சம்பளமே 20,000. அதாவது களியக்காவிளை செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம். தமிழ்நாட்டிலும் ஆஸ்பத்திரிகளும் நர்சிங் ஹோம்களும் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் இருந்த தொழில்தான். ஆயுதம் இங்கேயும் உறையில் இருந்தது, உருவத்தான் ஆள் இல்லை.

முதலாளிகள் தரப்பையும் கேட்போம். "சின்ன ஆஸ்பத்திரி தம்பி, கட்டுப்படியாகாது. காப்பீட்டுத் திட்டத்தில் வருகிற பணம் கம்மி, அதுவும் லேட்டு. 20,000 கொடுத்தால் மூடிவிட்டுப் போகவேண்டியதுதான்." இதைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. ஆனால் காஸ்ட் அக்கவுண்டன்ஸி படித்தது வீணாகக்கூடாது என்று ஒரு கணக்குப் போட்டேன். இது என் அனுமானக் கணக்கு. எந்த ஆஸ்பத்திரியின் கணக்கும் அல்ல.

30 படுக்கை. ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்றால் ஒரு ஷிஃப்டுக்கு 5 பேர். மூன்று ஷிஃப்டுக்கு 15. வார லீவு, நோய், கல்யாணம் காட்சிக்கு மாற்று ஆள் சேர்த்து 20 பேர் என்று வையுங்கள். இப்போது ஆளுக்கு 10,000 கொடுக்கிறார்கள் என்றும், அதை 20,000 ஆக்கவேண்டும் என்றும் வைத்தால், கூடுதல் செலவு மாசம் 2 லட்சம். பயங்கரமாகத் தெரிகிறது இல்லையா? இப்போது வகுத்தல். 30 படுக்கை, 30 நாள், மொத்தம் 900 படுக்கை நாள். 70 சதவீதம் நிரம்பினால் 630. இரண்டு லட்சத்தை 630-ஆல் வகுத்தால் 317 ரூபாய். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பங்கு எல்லாம் சேர்த்தாலும் 350-ஐ ஒட்டி நிற்கும். ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 350 ரூபாய். கையுறை, பஞ்சு, சிரிஞ்ச் என்று பில்லில் தனித்தனியாக ஏறுகிற ஐட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொகை எவ்வளவு பெரிசு என்று தெரியும். நர்ஸ் சம்பளம் மட்டும் ஏன் பில்லில் வரியாக வருவதில்லை? அறை வாடகைக்குள் அது ஒளிந்துகொள்கிறது. ஒளிந்திருக்கிற செலவைத்தான் முதலில் வெட்டுவார்கள். முதல் செமஸ்டர் பாடம் இது.

சம்பளத்தை விட்டு ஆட்களுக்கு வருவோம். எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளும் காலை எட்டு மணி ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். தரை துடைக்கிறவர்கள் யார், கட்டில் அருகே நிற்கிறவர்கள் யார், மருந்துச் சீட்டு எழுதுகிறவர்கள் யார், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் யார். சாதியும் ஆண் பெண்ணும் மாடிப்படி மாதிரி அடுக்கி வைத்திருப்பது தெரியும். கீழ்ப்படியில் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள், அதுவும் ஏஜென்சி மூலமாக. மேலே போகப்போகப் பெண்கள் குறைவார்கள். இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அறிக்கை, உலக சுகாதாரப் பணியாளர்களில் 70 சதவீதம் பெண்கள், தலைமைப் பதவிகளில் 25 சதவீதம்தான் என்றது. 2022-ல் அதே நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து சொன்னது, இந்தத் துறையில் ஆண் பெண் சம்பள இடைவெளி சுமார் 24 சதவீதம்.

அரசு ஆஸ்பத்திரி இதில் தனியாரைவிட நூறு மடங்கு மேல் என்பது என் கட்சி. காரணம் அரசுக்கு மனசு பெரிசு என்பதல்ல, விதி இருக்கிறது. 69 சதவீத இட ஒதுக்கீடு, அதற்குள் 2009-லிருந்து அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு, பெண்களுக்கு 1989-லிருந்து 30 சதவீதம் (2021-ல் 40 ஆக்குவதாக அறிவித்தார்கள்), மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம். 2019 டிசம்பரில் நம் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த அன்பு ரூபி அரசு நர்ஸாகப் பணி ஆணை வாங்கினார். நாட்டிலேயே அரசுப் பணிக்கு வந்த முதல் திருநங்கை நர்ஸ் என்று பத்திரிகைகள் எழுதின. தனியாரில் ஒரு திருநங்கையை ரிசப்ஷனில் உட்கார வைத்திருக்கிற இடத்தை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஆனால் அரசும் ஒரு தந்திரம் செய்கிறது. துப்புரவு, காவல், வார்டு உதவியாளர் வேலைகளை மொத்தமாக ஒப்பந்தக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. கம்பெனி ஆளெடுக்க ரோஸ்டர் கிடையாது. இட ஒதுக்கீட்டின் வழியாக ஒரு தூய்மைப் பணியாளரின் மகள் நர்ஸாக ஆகலாம். நல்லது. ஆனால் அந்தத் தூய்மைப் பணியாளர் முன்பு அரசு ஊழியர். பென்ஷன், குவார்ட்டர்ஸ் என்று அதை வைத்துத்தான் மகளைப் படிக்க வைத்தார். இப்போது அவர் இடத்தில் ஒப்பந்தத்தில் நிற்கிற பெண் எதை வைத்து மகளைப் படிக்க வைப்பார்? பன்முகத்தன்மை என்று ஒரு பக்கம் ஏணி வைத்து, இன்னொரு பக்கம் அதன் கீழ்ப்படியை அறுத்து எடுத்தாகிவிட்டது.

"ஆணுக்கும் பெண்ணுக்கும் சமச் சம்பளம் என்று சட்டம் இருக்கிறதே" என்று கிளாஸில் ஒருவன் கேட்டான். இருக்கிறது. 1976-லேயே சம ஊதியச் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21-லிருந்து ஊதியச் சட்டத் தொகுப்பு அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் சட்டம் என்ன பார்க்கிறது? ஒரே முதலாளியிடம் ஒரே மாதிரி வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் காட்டுகிறாயா என்று. நர்சிங் ஹோம் முதலாளி இரண்டு ஆண் நர்ஸ்களைக் கூப்பிட்டு, "பாருங்க சார், இவனுக்கும் அதே பத்தாயிரம்தான்" என்பார். சட்டப்படி பாஸ்! ஒரு வேலையையே "பொம்பளை வேலை" என்று மலிவாக விலை வைத்தால், அதைப் பிடிக்க இந்தச் சட்டத்தில் கொக்கி இல்லை. எய்ம்ஸில் சம்பளம் நன்றாக இருப்பதால் ஆண்கள் குவிந்து, 2019-ல் 80 சதவீதம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு என்று பிரிக்கவேண்டியிருந்தது. நல்ல சம்பளம் என்றால் அது பொம்பளை வேலை இல்லை போலிருக்கிறது!

இங்கிலாந்தில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த முதலாளியும், ஆஸ்பத்திரி உட்பட, ஆண் பெண் சம்பள இடைவெளியை வருஷா வருஷம் வெளியிட்டாகவேண்டும். 2017-லிருந்து விதி. அவர்களுடைய என்.எச்.எஸ். ஆஸ்பத்திரிகளில் வெள்ளையரல்லாத ஊழியர் எத்தனை பேர், பதவி உயர்வில் எங்கே நிற்கிறார்கள் என்பதற்கு 2015-லிருந்து தனி அறிக்கை. அங்கே நர்ஸுக்குப் படிநிலை ஒன்றே, சம்பளமும் ஒன்றே. லண்டனில் மட்டும் கொஞ்சம் கூடுதல். இவ்வளவு இருந்தும் ஆஸ்பத்திரி டாக்டர்களில் ஆண் பெண் இடைவெளி 18.9 சதவீதம் என்று 2020-ல் அவர்களே ஆய்வு செய்து சொன்னார்கள். சொர்க்கம் இல்லை அது. ஆனால் எண் வெளியே இருக்கிறது, சண்டை போடலாம்.

முத்துக்குளித்துறைக்காரனாக ஒன்று சொல்கிறேன். இங்கே பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். தாத்தாமார் கதையாகச் சொல்வார்கள். கரைக்கு வந்த சிப்பியைக் கொட்டில் வைத்துக் குவியலாகப் பிரிப்பார்கள், மூன்றில் ஒரு பங்கு முழுகினவனுக்கு, மற்றது சர்க்காருக்கு. நியாயமான பங்கு என்று நான் சொல்லவில்லை. மூச்சைப் பிடித்து முழுகினவனுக்கு மூன்றில் ஒன்று என்பது கொள்ளை. ஆனால் குவியல் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நம் ஆஸ்பத்திரிகளில் பக்கத்துச் சிஸ்டரின் குவியல் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் மேனேஜர் கூப்பிட்டுக் கண்டிப்பார்.

இந்தியாவிலும் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருக்கிறது. பங்குச் சந்தையில் முதல் ஆயிரம் கம்பெனிகளுக்கு 2022-23-லிருந்து செபி ஒரு அறிக்கையைக் கட்டாயமாக்கியது. பி.ஆர்.எஸ்.ஆர். என்பார்கள். அதில் ஆண் பெண் ஊழியர்களின் நடுமட்டச் சம்பளம், நிரந்தரம் எத்தனை, நிரந்தரமில்லாதவர் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை என்று கட்டம் கட்டமாக இருக்கும். அப்பல்லோ, ஃபோர்டிஸ், நாராயணா போன்ற பட்டியலிட்ட ஆஸ்பத்திரிக் கம்பெனிகளின் அறிக்கையை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். ஆண்டறிக்கையில் லாபத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிற நம் பழக்கத்தை விட்டால் போதும். ஆனால் நம் ஊர் நர்சிங் ஹோம் எந்தச் சந்தையிலும் பட்டியலில் இல்லை. அதற்கு உரிமம் கொடுப்பது மாநில அரசு, மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி. உரிமம் புதுப்பிக்க வரும்போது, எக்ஸ்ரே மெஷின் இருக்கிறதா, தீயணைப்புச் சான்று இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் கூடவே சம்பளப் பதிவேட்டின் ஒரு பக்கச் சுருக்கத்தையும் கேட்கட்டும். எத்தனை நர்ஸ், எத்தனை பேர் ஏஜென்சி, குறைந்த சம்பளம் எவ்வளவு, கூடின சம்பளம் எவ்வளவு. அறை வாடகைப் பட்டியலுக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டட்டும். பேர் வேண்டாம், தொகை போதும்.

இதெல்லாம் தானாக நடக்காது என்று இந்த ஊர்க்காரனுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. 1908-ல் கோரல் மில்லில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களோடு நின்ற பிறகுதான் கூலி பாதிக்குப் பாதி ஏறியது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. கேரள நர்ஸ்கள் செய்ததும் அதுதான். இங்கே நர்ஸ்கள் சங்கம் என்றால் பெரும்பாலும் அரசு நர்ஸ்கள் சங்கம். தனியார் நர்ஸ் இன்றைக்கு இங்கே, அடுத்த வருஷம் ரியாத்தில், அதற்கடுத்த வருஷம் டப்ளினில். போகிற இடத்தில் நின்று சங்கம் வைக்க நேரம் எங்கே? நல்ல சம்பளம் கேட்பதற்குப் பதிலாக விமானம் ஏறுவது சுலபமாக இருக்கிறது, நம் முதலாளிகளும் அதைத்தான் விரும்புகிறார்கள். புது பேட்ச் வருஷா வருஷம் வந்துகொண்டே இருக்கிறதே.

அப்புறம் நம் செட்டுக்கு. மே மாசம் ரிசல்ட் வந்ததும் பில்லிங் கவுண்டரில் சேரப்போகிறவர்கள், ஆஃபர் வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் பணி ஆணை கேளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். பி.எஃப்.புக்கு யு.ஏ.என். நம்பரும் ஈ.எஸ்.ஐ. நம்பரும் முதல் மாசச் சம்பளத்துக்குள் கைக்கு வந்தாகவேண்டும், வந்ததும் ஆன்லைனில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டூட்டி முடிந்து டீ குடிக்கப்போகும்போது பக்கத்தில் நிற்கிற சிஸ்டரிடமும் ஆயாம்மாவிடமும் அவர்கள் நம்பர் வந்ததா என்று கேளுங்கள். கணக்கு தெரிந்தவன் அந்தக் கட்டடத்தில் நீங்கள் ஒருத்தர்தான் இருப்பீர்கள்.